எரிவது புது ஜெல்லாலா, பழைய ட்யூபாலா?

வாசகர் கடிதம்:

எனக்கு வயது 38. காவேரிப்பட்டணம் பக்கத்தில் நானும் வீட்டுக்காரரும் ரோட்டோரம் டிபன் கடை வைத்திருக்கிறோம். தோசைக்கல் என் பொறுப்பு. இரண்டு மூன்று வருடமாக அடுப்புப் பக்கம் நின்றாலே கன்னமும் மூக்கும் திகுதிகுவென்று எரியும். அப்புறம் பரு மாதிரி சின்னச் சின்னதாக வர ஆரம்பித்தது. மாமியார் அக்கி என்று சொல்லி, குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவி எழுத வைத்தார். கேட்கவில்லை. மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். நாலே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. நிறுத்தினால் திரும்ப வரும் என்பதால் எட்டு மாதம் விடாமல் போட்டேன். பிளஸ் டூ படிக்கும் மகள் ட்யூபைப் பார்த்து, அதில் பீட்டாமெத்தசோன் என்று இருப்பதாகச் சொன்னாள். போன மாதம் பார்த்த தோல் டாக்டர், இது ரோசேசியா என்று சொல்லி, அந்த ட்யூபை நிறுத்திவிட்டு மெட்ரோனிடசோல் ஜெல் எழுதிக் கொடுத்தார். அது வயிற்றுப்போக்குக்குத் தருகிற மருந்து ஆயிற்றே? பதினைந்து நாளாகப் போடுகிறேன். முன்னைவிட அதிகமாக எரிகிறது, வீங்குகிறது. கடைக்கு வருபவர்கள் ஒட்டுவாரொட்டியா என்று கேட்கிறார்கள். இன்னும் இருபது நாளில் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அத்தை நான்தான் முன்னால் நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுவரைக்குமாவது பழைய ட்யூபைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்:

வேண்டாம் சகோதரி. இருபது நாளுக்கு இல்லை, ஒரு நாளுக்குக்கூட அந்தப் பழைய ட்யூபைத் திறக்காதீர்கள். கடிதத்தின் கடைசியில் நீங்கள் கேட்டதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதை நீங்கள் படிக்கும்போதே அந்த ட்யூப் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தருமபுரியில் என்னிடம் முக எரிச்சல் என்று வருகிற பெண்களில் பலர் சொல்லும் கதையும் உங்களுடையது போலத்தான் இருக்கும். முதலில் ஒரு நோய் இருந்திருக்கும். அதன்மேல் ஒரு ஸ்டீராய்டு கிரீம் ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டும் கலந்து எது எதனால் வந்தது என்று அவர்களுக்கே புரியாமல் போயிருக்கும். உங்கள் கடிதத்தில் அந்த வரிசை தெளிவாக இருக்கிறது. அடுப்புச் சூட்டில் எரிச்சல் வந்தது இரண்டு மூன்று வருடத்துக்கு முன்னால். அது ரோசேசியா, முகத்தில் சிவப்பும் எரிச்சலும் பருவும் வந்து வந்து போகிற ஒரு தோல் அழற்சி. ட்யூப் வந்தது எட்டு மாதத்துக்கு முன்னால். இப்போது நீங்கள் படுகிற பாட்டில் பெரும்பங்கு அந்த ட்யூபை நிறுத்தியதால் வருவது, புது ஜெல்லால் அல்ல.

இதை எப்படி நம்புவது என்று கேட்பீர்கள். விளக்குகிறேன். பீட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. தோலில் தடவியவுடன் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், வீக்கத்தை அமுக்கும். நாலே நாளில் முகம் பளிச்சென்று ஆனதற்கு அதுதான் காரணம். ஆனால் முகத்துத் தோல் மெல்லியது, கைகால் தோல் மாதிரி இல்லை. மாதக்கணக்கில் போட்டால் அது இன்னும் மெலிந்துபோகும். சுருக்கி வைத்த குழாய்கள், மருந்தின் பிடி தளர்ந்ததும் முன்பைவிட அதிகமாக விரியும். அப்போது சிவப்பு, எரிச்சல், வீக்கம், சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளம் எல்லாம் சேர்ந்து கிளம்பும். மறுபடி தடவினால் அடங்கும். இப்படியே ட்யூப் இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு முகம் வந்துவிடுகிறது. ஸ்டீராய்டை நிறுத்திய சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் இந்தக் கொந்தளிப்பு வரும். நீங்கள் ஜெல்லைத் தொடங்கியது சரியாக அந்த நாட்களில். பழைய ட்யூப் விட்டுப்போன தீயைப் புது ஜெல் மூட்டியதாக நினைத்துவிட்டீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இந்தக் கொந்தளிப்பு சிலருக்கு நாலைந்து வாரத்தில் அடங்கும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். ஏறி இறங்கித்தான் குறையும். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் மறுபடி எரியும். அந்த மூன்றாம் நாளில்தான் ரொம்பப் பேர் மனம் தளர்ந்து பழைய ட்யூபுக்குத் திரும்புகிறார்கள். திரும்பினால் முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். எட்டு மாதம் போட்டதை உங்கள் டாக்டரிடம் அப்படியே சொன்னீர்களா, இல்லை "எப்போதாவது போடுவேன்" என்று சொல்லிவிட்டீர்களா? திட்டுவாரோ என்ற பயத்தில் பலர் குறைத்துச் சொல்கிறார்கள். குறைத்துச் சொல்லியிருந்தால் நாளைக்கே அந்த ட்யூபைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். எட்டு மாதம் என்று தெரிந்தால், கொந்தளிப்பைத் தாண்டும் வரைக்கும் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரையோ, டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு இல்லாத களிம்போ சேர்த்துத் தர அவருக்கு வழி இருக்கிறது. சிலருக்கு ஒரே நாளில் நிறுத்தாமல், வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றி, இறக்கிக் கொண்டுவருவதும் உண்டு. எது உங்களுக்குச் சரி என்று முகத்தைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கு வாய்ப்பு இருந்தாலோ அதையும் சொல்லிவிடுங்கள். டாக்சிசைக்ளின் அப்போது கூடாது.

மருந்துக்கடைக்காரரையும் நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். வரிசையில் நிற்பவர் "உடனே கேட்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள்" என்றால் அவர் கை அந்த ட்யூபுக்குத்தான் போகிறது. ஆனாலும் சட்டப்படி அது தவறு. இந்த வீரியமான ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. உங்கள் மகள் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ட்யூபின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தாளே, அதைத்தான் ஒவ்வொரு வீட்டிலும் செய்ய வேண்டும். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன். இந்த நாலு பெயரை அவளை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். படர்தாமரைக்கு என்று விற்கும் கலவை ட்யூபிலும், முகம் வெளுக்க என்று விற்கும் கலவை ட்யூபிலும் இதில் ஒன்று பல நேரம் ஒளிந்திருக்கும்.

சரி, மெட்ரோனிடசோலுக்கு வருவோம். வயிற்றுப்போக்கு மருந்துதானே என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. சீதபேதிக்கு, அமீபாவைக் கொல்லத் தருகிற மாத்திரையும் இதுவும் ஒரே மருந்துதான். ஆனால் முகத்தில் தடவும்போது கிருமியைக் கொல்வதற்காக நாங்கள் அதைத் தருவதில்லை. தோலில் நடக்கிற அழற்சியை அது தணிக்கிறது, அதனால்தான் ரோசேசியாவுக்கு உதவுகிறது. அமெரிக்காவில் இந்த ஜெல்லுக்கு ரோசேசியாவுக்கென்றே 1988-ல் அனுமதி கிடைத்தது. புதிதாக உங்கள்மேல் சோதித்துப் பார்க்கிற மருந்து அல்ல. தோல்வழியாக உடம்புக்குள் போகிற அளவு மிகக் குறைவு, வயிற்றைப் புரட்டாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: பல் ஈறுக்குத் தடவ மெட்ரோனிடசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஜெல் ஒன்று உண்டு. பெயர் ஒத்திருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. அது முகத்துக்கு இல்லை. உங்கள் ட்யூபில் 0.75 சதவீதம் அல்லது 1 சதவீதம் என்றும், தோலுக்கு என்றும் இருக்கிறதா என்று மகளை இன்னொரு முறை படிக்கச் சொல்லுங்கள். 0.75 என்றால் வழக்கமாகக் காலை, இரவு இரண்டு வேளை. 1 என்றால் ஒரு வேளை.

போடுகிற முறையில்தான் பாதி எரிச்சல் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சோப்பு வேண்டாம். கடலை மாவு, நலங்கு மாவு, தேய்க்கிற ஸ்கிரப், எதுவும் இப்போதைக்கு வேண்டாம். நுரைக்காத மென்மையான கிளென்சர் ஒன்றை உங்கள் டாக்டர் சொல்வார். அதுவும் இல்லையென்றால் வெறும் தண்ணீர் போதும், சுடுநீர் கூடாது. துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு பதினைந்து இருபது நிமிடம் சும்மா இருங்கள். ஈரத் தோலில் ஜெல் பட்டால் கூடுதலாகச் சுரீர் என்று இழுக்கும். தோல் நன்றாக உலர்ந்த பிறகு, பரு தெரிகிற இடத்தில் மட்டும் புள்ளி வைக்காமல், கன்னம், மூக்கு, மோவாய், நெற்றி என்று எரிகிற பகுதி முழுக்க மெல்லிய படலமாகத் தடவுங்கள். மொத்தத்துக்கும் ஒரு பச்சைப் பட்டாணி அளவுக்குச் சற்றுக் கூடுதல் போதும். கண் இமைக்குப் பக்கத்தில் வேண்டாம், கண்ணீர் கொட்டும். பத்து நிமிடம் கழித்து வாசனை இல்லாத மாய்ச்சரைசர்.

இவ்வளவு செய்தும் எரிச்சல் தாங்கவில்லை என்றால் வரிசையை மாற்றுங்கள். முதலில் மாய்ச்சரைசர், அதன்மேல் ஜெல். அல்லது ஒரு வாரத்துக்கு இரவு மட்டும். ஜெல் வடிவமே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதே மருந்து கிரீமாக இருந்தால் சுகமாக இருக்கும், டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் தடவிய இடம் பூராவும் தடித்து, நீர் கோத்து, அரிப்பெடுத்தால் அது ஒவ்வாமை. அப்போது நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.

எப்போது தெரியும்? மூன்றாவது வாரத்தில் பரு கொஞ்சம் கொஞ்சமாக உதிரத் தொடங்கும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் போனபிறகுதான் இது வேலை செய்கிறதா இல்லையா என்று முடிவு கட்ட வேண்டும். நீங்கள் பதினைந்தாம் நாளில் இருக்கிறீர்கள், அதுவும் ஸ்டீராய்டை விட்ட பதினைந்தாம் நாளில். இதில் நான் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: பருவை இந்த ஜெல் நன்றாகக் குறைக்கும், சிவப்பைக் கொஞ்சம்தான் குறைக்கும், மூக்கோரத்தில் நூல் மாதிரி ஓடுகிற ரத்தக் குழாய்களை எந்தக் கிரீமும் எடுக்காது. அவை தொந்தரவாக இருந்தால் லேசர்தான் வழி. அதற்கு அவசரம் இல்லை, முதலில் முகம் ஆறட்டும்.

பன்னிரண்டு வாரத்திலும் போதவில்லை என்றால் வேறு மருந்துகள் இருக்கின்றன. அசெலாயிக் அமிலம் என்று ஒன்று. நம் மாநிறத்துக்கு அது எனக்குப் பிடித்த மருந்து, ஏனென்றால் பருவோடு சேர்த்து, பரு ஆறிய இடத்துக் கறுப்பையும் அது குறைக்கிறது. கர்ப்பக் காலத்திலும் பயமில்லாமல் தரலாம். முதல் சில வாரம் சுருக்கென்று குத்தும், அதனால் உங்கள் முகம் இப்போது இருக்கிற நிலையில் நான் தர மாட்டேன். இன்னொன்று ஐவர்மெக்டின் 1 சதவீதக் கிரீம். ஒரு நாளைக்கு ஒரு வேளை போட்டால் போதும். மெட்ரோனிடசோலோடு வைத்து 16 வாரம் ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வில், ஐவர்மெக்டின் போட்டவர்களுக்குப் பரு 83 சதவீதமும் மெட்ரோனிடசோல் போட்டவர்களுக்கு 74 சதவீதமும் குறைந்தது. வித்தியாசம் உண்டு, ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. கையில் இருப்பதை ஒழுங்காகப் போட்டாலே பெரும்பாலோருக்குப் போதும் என்பது என் எண்ணம்.

ஐவர்மெக்டின் என்றதும் நம் இரண்டு மாவட்டத்திலும் மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் கால்நடை மருத்துவர் போடுகிற ஊசியும் இதே மருந்துதான். அதே மருந்துதானே என்று மாட்டுக்கு வாங்கியதை முகத்தில் தடவிவிடக் கூடாது. அதன் வீரியம் வேறு, கூடக் கலந்திருக்கும் பொருட்கள் வேறு.

இந்த மருந்து முகத்தில் ஏன் வேலை செய்கிறது என்றால், நம் எல்லோருடைய மயிர்க்கால்களிலும் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி குடியிருக்கிறது. ரோசேசியா உள்ளவர்கள் முகத்தில் அது அதிகமாக இருக்கிறது, ஸ்டீராய்டு போட்டால் இன்னும் பெருகுகிறது. அந்தச் சிற்றுண்ணியை ஐவர்மெக்டின் குறைக்கிறது. ரோசேசியா முகம் கழுவாததால் வருவது அல்ல, அழுக்கால் வருவதும் அல்ல. உங்களிடமிருந்து இன்னொருவருக்கு ரோசேசியா தொற்றாது. கடைக்கு வந்து கேட்பவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்: இது ஒட்டுவாரொட்டி இல்லை, நான் சுட்ட தோசையைச் சாப்பிட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, என்று. ஆண்களுக்கு இது மூக்கில் வந்தால் குடிகாரன் என்று பேர் கட்டிவிடுகிறார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவர்களுக்கும் இந்த நோய் வரும்.

மாமியாரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்கி என்று அவர் நினைத்ததில் தவறில்லை, எரிச்சலும் கொப்புளமும் பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் அக்கி பெரும்பாலும் ஒரு பக்கமாக வரும், ரோசேசியா மூக்குக்கு இரண்டு பக்கமும் வரும். காவி உலர்ந்து இழுக்கும்போது இந்தத் தோலுக்கு இன்னும் எரியும், அதனால் இனி வேண்டாம். எலுமிச்சை, தக்காளி, பற்பசை, சமையல் சோடா, வலி நிவாரணித் தைலம், முகத்துக்கு ஆவி பிடிப்பது, இவையும் வேண்டாம்.

இது வழக்கமான வயசுப் பரு இல்லை என்று உங்கள் டாக்டர் எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? வயசுப் பிள்ளைகளின் பருவில், துளையின் வாயில் கறுத்து அடைத்த முளை இருக்கும். ரோசேசியாவில் அது இருக்காது. வெள்ளைத் தோலில் இது பளிச்சென்று சிவப்பாகத் தெரியும். நம் நிறத்தில் சிவப்பு மங்கி, மாநிறத்தின் அடியில் ஒரு செம்பு நிறமாக நிற்கும், பல நேரம் எரிச்சலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கன்னச் சிவப்போடு மூட்டுவலி, வாயில் புண், கொத்தாக முடி கொட்டுவது இவையும் உங்களுக்கு இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். லூபஸ் என்ற வேறு நோயா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

அடுத்தது அடுப்பு. தோசைக்கல்லை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை, அது உங்கள் பிழைப்பு. ஆனால் மூன்று மாதத்துக்கு வீட்டுக்காரர் கல்லுக்கும் நீங்கள் கல்லாவுக்கும் மாற முடியுமா என்று இரண்டு பேரும் பேசிப் பாருங்கள். காலைக் கூட்டம் மட்டுமாவது. முடியவில்லை என்றால் கல்லை வெளிக்காற்றுப் பக்கம் நகர்த்தி, பக்கவாட்டிலிருந்து ஒரு ஃபேன் வையுங்கள். கால்மணிக்கு ஒரு தடவை தள்ளி வந்து, ஈரத் துணியைக் கழுத்திலும் முகத்திலும் ஒற்றிக்கொள்ளுங்கள். மிளகாய் வறுக்கும் வேலை வேறு யாராவது செய்யட்டும். டீ குடிக்கலாம், ஆற்றிக் குடியுங்கள். கெடுப்பது பெரும்பாலும் சூடுதான், டீத்தூள் அல்ல. களியும் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். காரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி பாதிக்காது. அதனால் கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வாரம் எழுதி வையுங்கள்: எந்த நாள் அதிகம் எரிந்தது, அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள், எங்கே நின்றீர்கள். அந்தப் பக்கம் உங்கள் டாக்டருக்கு என் கடிதத்தைவிட அதிகம் உதவும்.

வெயிலும் அடுப்பு மாதிரிதான். துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ உள்ள, எஸ்பிஎஃப் 30-க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனைக் காலையில் ஜெல், மாய்ச்சரைசருக்குப் பிறகு போடுங்கள். மற்ற வகைகளைவிட இவை எரிச்சல் குறைவு.

மஞ்சள் நீராட்டுக்கு வருகிறேன். இருபது நாளில் முகம் முழுக்கத் தெளிந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கு இருப்பதைவிட அடங்கியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. விசேஷத்துக்கு என்று பார்லரில் பிளீச், ஃபேஷியல் எதுவும் செய்துகொள்ளாதீர்கள், அன்றைக்கே முகம் வெந்துபோகும். தோல் நிறத்தில் சாயம் கலந்த சன்ஸ்கிரீன் கிடைக்கிறது. அதை முந்தைய வாரமே தாடையோரத்தில் இரண்டு நாள் போட்டுப் பார்த்து, ஒத்துக்கொண்டால் அன்றைக்கு முகம் பூராவும் போடுங்கள். சிவப்பு ஓரளவு மறையும். சில மணி நேரம் சிவப்பை மறைக்கிற பிரிமோனிடின் என்ற ஜெல் இருப்பதாக யாராவது சொல்வார்கள். அது பிடி விட்டதும் சிலருக்கு முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். ஸ்டீராய்டிலிருந்து இப்போதுதான் மீள்கிற முகத்துக்கு, அதுவும் விசேஷ நாளில், முதல் தடவையாக வேண்டவே வேண்டாம். பந்தலில் சமையல்கட்டுப் பக்கம் போகாமல், காற்றோட்டமாக உட்காருங்கள். நலங்கு வைக்கும்போது உங்கள் முகத்திலும் மஞ்சள் பூச வருவார்கள், கையில் பூசச் சொல்லிவிடுங்கள். அத்தை தண்ணீர் ஊற்றும்போது அந்தப் பிள்ளை பார்ப்பது உங்கள் கன்னத்தை அல்ல.

காலமெல்லாம் போட வேண்டுமா என்பது உங்களுக்கு அடுத்து வரப்போகிற கேள்வி. ரோசேசியா ஒரேயடியாகப் போய்விடுகிற நோய் இல்லை, அடங்கியும் தலைதூக்கியும் இருக்கும். பரு அடங்கிய பிறகு சிலர் ஜெல்லை நிறுத்திவிட்டு, சூட்டையும் வெயிலையும் பார்த்துக்கொண்டே நன்றாக இருக்கிறார்கள். சிலருக்கு இடையிடையே சில வாரம் தேவைப்படும். ஸ்டீராய்டு மாதிரி இது தோலை மெலியச் செய்யாது, அதனால் அந்தப் பயம் வேண்டாம்.

கடைசியாக உங்கள் கண். கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆனால் நான் கேட்காமல் விட முடியாது. ரோசேசியா உள்ளவர்களில் பலருக்குக் கண்ணிலும் அது இருக்கும்: மண் விழுந்த மாதிரி உறுத்தல், காலையில் இமையோரம் பொடி, அடிக்கடி கண்கட்டி. அடுப்புப் புகை என்று விட்டுவிடுவார்கள். இவை இருந்தால் தோல் டாக்டரிடம் சொல்லுங்கள். வெளிச்சம் பார்த்தால் கண் கூசி வலித்தாலோ, பார்வை மங்கினாலோ காத்திருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். செலவுதான் தடை என்றால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், அல்லது இங்கே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரலாம். வரும்போது பழைய ட்யூப், புது ஜெல் இரண்டையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கணக்கு நோட்டையும்தான்.